பாஸ் விதிகளைக் கண்டுபிடித்தது யார்?

மாமா பொய் சொல்கிறார் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். என்ன பொய் என்பதில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், வரவேற்பறைச் சோபாவில் மாமா. அவர் அம்மாவின் கடைசித் தம்பி. வேலை கிடைத்ததும் தனியாகப் போய்விடுவேன் என்று வந்த புதிதில் சொன்னவர், வேலை கிடைத்து மூன்று வருடமாகியும் சோபாவை விட்டு எழும்பவில்லை. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டினார்.

அந்தப் பனிக்காலத்தில் மாமா சனிக்கிழமைகளில் காணாமற்போகத் தொடங்கினார். அவர் வேலையை விட்டுவிட்டு அதை மறைக்கிறார் என்று அப்பா சந்தேகப்பட்டார். கூடாத சிநேகிதம் பிடித்துக் குடிக்கப் பழகிவிட்டார் என்பது அம்மாவின் சந்தேகம். மாமா குளிக்கப் போகும்போதெல்லாம் அவர் கதிரையில் கழற்றிப் போட்ட சட்டையை அம்மா எடுத்து மணந்து பார்ப்பார். இரண்டுமே எனக்கு அற்பமாகப் பட்டன. நான் சந்தேகப்பட்டது இவற்றைவிடப் பாரதூரமான ஒன்றை. மாமா விளையாட்டில் கள்ளம் செய்கிறார்.

விளையாட்டு இதுதான். இலையுதிர் காலத்தில் சிநேகிதர் ஒருவர் நகரத்தின் மேற்குப் பக்கத்துப் பியர்ஃபொன்டுக்கு வீடு மாறினார். உதவிக்குப் போன மாமா, பக்கத்து பங்களா வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு பெரிய தட்டைப் பெட்டியை வாங்கி, பஸ் மாறி பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே தகரத்தில் ஒரு மைதானம். பச்சை பூசி, வெள்ளைக் கோடுகள் போட்டு, அடியில் ஒரு மோட்டர் பூட்டியிருந்தது. கூடவே தலைக்கவசம் போட்ட, கட்டைவிரல் உயரப் பொம்மைகள் இரண்டு அணி. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒருவரை ஒருவர் மோதி விழுத்துவார்களே, அந்த வட அமெரிக்க ஃபுட்போல். சுவிட்சைப் போட்டால் தகரம் அதிரும். அந்த அதிர்வில் பொம்மைகள் தாமாக நகரும். பந்து வைத்திருக்கும் பொம்மையை எதிரணிப் பொம்மை ஒன்று தொட்டுவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது. நிறுத்திவிட்டு மறுபடி அடுக்கவேண்டும்.

சவரம் செய்கிற மெஷினை வெறும் வாளிக்குள் போட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம்.

“உது விளையாட்டோ, இல்லாட்டி பிரிட்ஜ் பழுதாப்போச்சோ?” என்று அப்பா முதல் நாளே கேட்டார்.

கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத குடும்பம் எங்களுடையது. மாமாவும் நானும் டிவியில் ஆட்டம் பார்த்து, தெரியாததைக் குத்துமதிப்பாக ஊகித்துக்கொண்டு விளையாடப் பழகினோம். ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. சில பொம்மைகள் வட்டமடிக்கும். சில, சொந்தக் கோட்டைப் பார்த்தே வேகமாக ஓடும். அது அவற்றின் சுபாவம் என்று விட்டுவிடலாம். பிரச்சினை பாஸில்தான் இருந்தது.

பாஸ் என்றால், ஓடுகிற தன் ஆளுக்குத் தூரத்திலிருந்து பந்தை எறிவது. டிவியில் பார்க்கும்போது ஆட்டத்தின் அழகே அதுதான். எங்கள் தகர மைதானத்தில் அதற்கென்று ஸ்பிரிங் கை வைத்த ஒரு பொம்மை இருந்தது. உளுந்தளவு பஞ்சுப் பந்தை அதன் கையில் வைத்து, கையைப் பின்னால் இழுத்து விடவேண்டும். பந்து போய் நமது பொம்மையில் பட்டால் பாஸ் சரி. படவே படாது. சோபாவுக்கு அடியில் போகும். சாமித்தட்டில் விழும். ஒருநாள் அம்மா ஆறவைத்திருந்த பருப்புக் கறிக்குள் விழுந்து, அப்பாவின் கோப்பையில் கரையேறியது.

“பாஸ் இல்லாட்டி உது ஃபுட்போலே இல்லை,” என்றார் மாமா. “எறியாமலே எறிஞ்ச மாதிரி ஒரு வழி வேணும். பொறு பிள்ளை, நான் யோசிக்கிறன்.”

அவர் யோசிக்கப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா நல்லவர்; ஆனால் யோசிக்கிறவர் அல்ல. சீட்டு விளையாட உட்கார்ந்தால் கையில் துரும்பு இருக்கிறதா என்பதை அவருடைய புருவம் பார்த்தே அம்மா சொல்லிவிடுவார்.

அதே மாதங்களில் அம்மா மாமாவுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். ரொறன்ரோவில் ஒரு குடும்பம். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். பெண் வங்கியில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அம்மா கதையைத் தொடங்குவார். “தம்பி, அந்தப் பிள்ளையின்ர படம் பாத்தனியோ? நல்ல பிள்ளையாம்.” மாமா உடனே, “வா, ஒரு ஆட்டம் போடுவம்,” என்று என்னைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடுவார். தகரம் அலறும். அம்மாவின் வாய் அசைவது மட்டும் தெரியும். மாமாவுக்கு என்னோடு விளையாட எவ்வளவு ஆசை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

சில கிழமைகளில் முதல் விதி வந்தது. மாமா நீளமாக ஒரு மட்டைத் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். எறியவேண்டிய நேரத்தில் சுவிட்சை நிறுத்தி, எறிகிற பொம்மைக்கும் பிடிக்கிற பொம்மைக்கும் இடையில் மட்டையைப் பிடிக்கவேண்டும். மட்டைக்குக் கீழே எதிரணிப் பொம்மை எதுவும் நிற்காவிட்டால் பாஸ் பிடிபட்டது. பரவாயில்லை, மாமாவுக்கும் மூளை இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் விளையாடிப் பார்க்கச் சலித்துவிட்டது. யாருக்கு எறியலாம் என்பது இரண்டு பேருக்கும் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது.

பனி உறைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது விதி வந்தது. அதுதான் என்னைக் கலக்கியது.

மாமா இரண்டு தேநீர்க் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பொத்தான்கள் எடுத்தார். பிடிக்கக்கூடிய பொம்மைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எறிகிறவர் தான் யாருக்கு எறியப்போகிறார் என்பதை, அந்த நிறப் பொத்தானைத் தன் கோப்பைக்குக் கீழே ஒளித்து வைத்து முடிவு செய்யவேண்டும். எதிராளி தன் ஊகத்தைத் தன் கோப்பைக்குக் கீழே வைப்பார். பிறகு சுவிட்ச். பொம்மைகள் ஓடும். எறிகிறவர் ‘இப்ப’ என்றதும் நிறுத்தி, கோப்பைகளைத் திறக்கவேண்டும். ஊகம் பிழைத்திருந்தால் அந்தப் பொம்மை நின்ற இடத்தில் பந்து பிடிபட்டது. சரியாக இருந்தால் பாஸ் கெட்டது.

“அதோட, வேற பொம்மையைப் பாத்து முழிசி ஏமாத்தலாம். அதுக்குப் பேர் ஃபான்த்,” என்றார்.

அது எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் பந்து விளையாடுகிற பிள்ளைகளின் பிரெஞ்சுச் சொல். மாமாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’, ‘நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை’, அவ்வளவுதான். நான் மாமாவின் புருவத்தைப் பார்த்தேன். உயர்ந்தது.

இந்த விதியை இவர் கண்டுபிடிக்கவில்லை.

அன்றிலிருந்து உளவு பார்க்கத் தொடங்கினேன். மோட்டரைத் திருத்தவேண்டும் என்று சொல்லி மாமா சனிக்கிழமைதோறும் பெட்டியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுபோவதைக் கவனித்தேன். மோட்டரில் ஒரு பழுதும் இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தபோது பொம்மைகளின் முதுகில் கருஞ்சிவப்பில் இலக்கங்கள் எழுதியிருந்தன. முகர்ந்து பார்த்தேன். நகப்பூச்சு. அம்மா நகப்பூச்சுப் போடுவதில்லை. இன்னொருநாள் பெட்டி மூலையில் ஒரு மஞ்சள் மணி கிடந்தது. சின்ன பிளாஸ்டிக் மணி, நடுவில் ஓட்டை. பொம்மையின் அடியில் பாரமாக ஒட்டி, நேராக ஓட வைக்கிற கள்ளச் சாமான் அதுதான் என்று முடிவு செய்து, சாட்சியாகப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

“மாமா, நீங்கள் ஆரோட விளையாடிப் பழகிறியள்?” என்று நேராகவே கேட்டேன்.

“ஆரோட? ஒருத்தரோடயும் இல்லை. உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்,” என்றார். புருவம் கூரைக்குப் போய் வந்தது.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் மூன்று ஆட்டம், இரண்டில் நான் வென்றால் மைதானம் எனக்கே சொந்தம் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். என் பெயரில் பெரிதாக எதுவுமே இல்லாத வீட்டில் அந்தத் தகரம் எனக்கு ஒரு நிலம் மாதிரி. அதை எனக்குத் தராமல் இருக்கத்தான் மாமா எங்கேயோ ஒரு கெட்டிக்காரனிடம் பயிற்சி எடுக்கிறார். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஜூன் மாதம் வந்தது. ரொறன்ரோக்காரர் அடுத்த சனிக்கிழமை மாமாவைப் பார்க்க வருவதாக அம்மா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். புதுத் திரைச்சீலை வாங்கியாகிவிட்டது. அதற்கு முந்திய சனிக்கிழமையும் மாமா பெட்டியைக் கம்பளியில் சுற்றினார். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

“நானும் வாறன்.”

மாட்டேன் என்பார், அப்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். மாமா என்னைப் பார்த்தார். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தார்.

“சப்பாத்தைப் போடு,” என்றார்.

பஸ்ஸில் கொஞ்சத் தூரம். தெப்பனர் என்று சொல்கிற ஒரு மூலைக்கடைக்கு மேலே இருந்த வீடு. படியேறும்போதே, என் வகுப்பு ஹெயிட்டிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வருவதுபோல, வாழைக்காய் பொரிக்கிற வாசம் வந்தது. கதவைத் திறந்தவள் அம்மாவைவிட இளமையான, உயரமான கறுப்புப் பெண். மாமாவின் வேலைத்தலத்துச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. என்னைக் கண்டதும் அவள் முதலில் மாமாவைப் பார்த்தாள். ஏதோ கேட்பதுபோல இருந்தது. மாமா தலையாட்டினார். அவள் குனிந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தாள். அவளுடைய நகங்கள் கருஞ்சிவப்பாக இருந்தன.

சரி, இலக்கம் எழுதியவள் அகப்பட்டாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சிறுமி வந்தாள். என்னைவிட ஒரு வயது கூட இருக்கும். பின்னல் பின்னலாகப் போட்ட தலைமயிர் நுனியெல்லாம் மஞ்சள் மணிகள். அவள் என்னைக் கவனிக்கவில்லை. மாமாவின் கையிலிருந்த பெட்டியை உரிமையோடு வாங்கி, கம்பளியை உருவி எறிந்துவிட்டு, மேசையில் மைதானத்தை விரித்தாள். அங்கே இரண்டு கோப்பைகள் ஏற்கெனவே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

கோப்பை விளையாட்டைக் கண்டுபிடித்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டேன்.

“நான்தான்,” என்றாள். மட்டைத் துண்டும் அவளுடையதுதான். ஃபான்த்தும் அவளுடையதுதான்.

மாமாவிடம் நியாயம் கேட்கத் திரும்பினேன். அவர் குசினியில் நின்று வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்ட கோப்பையைத் தூக்கிக் கழுவுதொட்டியில் வைக்கத் தெரியாதவர், இங்கே துவாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் ஏதோ சொல்ல விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அவ்வளவு பிரெஞ்சு எப்போது வந்தது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு வீட்டிலும் விளையாடி, ஒரு வீட்டு மூளையை இன்னொரு வீட்டில் தன்னுடையதென்று விற்றிருக்கிறார்.

நாங்கள் இருவரும் விளையாடினோம். முதல் ஆட்டத்தில் அவள் என்னைத் தூள்தூளாக்கினாள். நான் எந்தப் பொத்தானை வைத்தாலும் கண்டுபிடித்தாள். இரண்டாவதில் அவளைக் கூர்ந்து பார்த்தேன். பொத்தானை வைத்த பிறகு, எறியப்போகிற பொம்மையை மட்டும் அவள் பார்ப்பதே இல்லை. மற்ற இரண்டையும் மாறி மாறி முறைப்பாள். அதை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து அவளுடைய பாஸ்களைக் கெடுத்தேன். அவள் கோபிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் சொல்லவில்லை. போகும்போது, அடுத்த கிழமை ஒரு புதிய விதி யோசித்து மாமாவிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா பெட்டியை மடியில் நிறுத்திப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால்கூட ‘அம்மாட்டச் சொல்லாத’ என்று சொல்கிறவர். அன்று அந்த வார்த்தை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

“அம்மாட்டச் சொல்லக்கூடாதோ?”

“என்னத்தை?”

“விதி ஒண்டும் நீங்கள் கண்டுபிடிக்கேல்லை எண்டு.”

மாமா பெட்டியை மடியில் இன்னும் நெருக்கிப் பிடித்தார். பிறகு, “சொல்லன். உண்மைதானே,” என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ரொறன்ரோவுடன் தொலைபேசியில் பேசிவிட்டு அப்போதுதான் வைத்தார். முகம் மலர்ந்திருந்தது. அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, மாமா கள்ளம். இவருக்கு எல்லாம் அந்தப் பிள்ளைதான் சொல்லிக் குடுக்கிறது.”

“எந்தப் பிள்ளை?”

“சனிக்கிழமை சனிக்கிழமை மாமா போற வீட்டுப் பிள்ளை.”

அம்மாவின் கை தொலைபேசியிலிருந்து எழும்பவில்லை. “ஆர்? எங்கட ஆக்களோ?”

“இல்லை. ஹெயிட்டி.”

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “எத்தினை வயசிருக்கும்?” என்று கேட்டார்.

“பதினொண்டு.”

“என்னது?” என்று அப்பா எழும்பியே விட்டார்.

மாமா வாசற்கதவில் சாய்ந்தபடி, கம்பளி சுற்றிய பெட்டியை இறக்கி வைக்காமலே சொன்னார்: “பிள்ளை இல்லை அக்கா, அவளின்ர தாய்.”

கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. அம்மா என்னை அறைக்குள் போகச் சொன்னார். கதவில் காதை வைத்து, விதிகளைத் திருடியதற்காக மாமாவுக்குக் கிடைக்கப்போகும் ஏச்சைக் கேட்கக் காத்திருந்தேன். அம்மா ஊரைப் பற்றிச் சொன்னார், செத்துப்போன தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார், இனித் தான் யார் முகத்தில் முழிப்பது என்று கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் “ஓம் அக்கா”, “தெரியும் அக்கா” என்றார். விதிகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிவதே இல்லை என்று நினைத்தேன்.

ரொறன்ரோக்காரர் வரவில்லை. மாமா ஒரு சூட்கேசோடு போய்விட்டார். வாக்குக் கொடுத்த அந்த மூன்று ஆட்டங்களும் நடக்கவே இல்லை. மைதானம் சோபாவுக்குப் பின்னால் அப்படியே கிடந்து, வெல்லாமலே எனக்குச் சொந்தமாயிற்று. விளையாட ஆள் இல்லை. அம்மா அந்தக் கோடை முழுவதும் தம்பியோடு பேசவில்லை. அப்பா மட்டும் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் நின்று மாமாவோடு தொலைபேசியில் கதைப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு உளவு பார்க்கிற ஆசை விட்டுப்போயிருந்தது.

வளர்ந்த பிறகு ஒருநாள் மாமாவிடம் கேட்டேன், நான் போய்ச் சொல்லவேண்டும் என்றுதானே என்னைக் கூட்டிப்போனீர்கள் என்று. “நீதானே கதவை மறிச்சுக்கொண்டு நிண்டனி?” என்றார். அந்த வயதிலும் அவருடைய புருவம் அவருக்கு உதவி செய்யவில்லை. தாயை விவரம் தெரியாத வயதில் இழந்து, அக்கா கையால் சோறு உண்டு வளர்ந்த மனிதருக்கு அந்த ஒரு வசனத்தை அக்காவின் முகத்தைப் பார்த்துத் தொடங்க முடியவில்லை. யாரோ தொடங்கிவிட்டால் முடித்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். அவர் எனக்கெதிராக அங்கே பயிற்சி எடுக்கிறார் என்று நான் நினைத்ததும் தலைகீழ். பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியோடு எப்படிச் சிநேகமாவது என்பதை அவர் என்னோடுதான் பழகியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலையில் அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். சீப்பு நடுவில் நின்றது.

“அண்டைக்குப் பாத்தாய்தானே. அவள் எப்பிடி?”

பின்னலையும் மஞ்சள் மணிகளையும் நினைத்துக்கொண்டேன். அவளோடு இன்னொரு ஆட்டம் போடவேண்டும் என்று கோடை முழுவதும் எனக்குள்ளே இருந்தது.

“நல்லவள்,” என்றேன்.

“சும்மா சொல்லாத. வடிவா யோசிச்சுச் சொல்லு.”

“உண்மையா அம்மா. கொஞ்சம் உள்ளுக்குள்ள மறைச்சு வைப்பாள். ஆனா கள்ளம் இல்லை. தோத்தாலும் கோவிக்கமாட்டாள். எங்களோட சேந்திடுவாள்.”

சீப்பு மறுபடி அசைந்தது. அம்மா வழக்கத்தைவிட மெதுவாக, ஒரு மயிரும் இழுபடாமல் பின்னி முடித்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, விசேஷங்களுக்குக் கட்டுகிற சேலைகளில் ஒன்றை எடுத்து விரித்து, அந்த உயரத்துக்கு இது காணுமா என்று கேட்டார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அம்மா எதற்குச் சேலை பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தாராளமாகக் காணும் என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.